சுளுக்கு வர்றதுக்கு முன்னாடி: ஒரு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம்



ஸ்போர்ட்ஸ் டே முடிஞ்ச மறுநாள் ஹாஸ்டல் மெஸ்ஸுல ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்க. கணுக்கால்ல க்ரேப் பேண்டேஜ் சுத்தினவங்க, கைப்பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா இறங்கறவங்க, தோள்பட்டையைத் தூக்க முடியாம இடது கையில சாப்பிடறவங்கன்னு ஒரு குட்டி ஆர்த்தோ வார்டே தெரியும். "என்னாச்சு?"ன்னு கேட்டா "பேட் லக் மச்சான்"னு பதில் வரும். வீட்டுக்குப் போனா அம்மா "கண்ணு பட்டிருச்சு சாமி"ன்னு உப்பு மிளகாய் சுத்திப் போடுவாங்க.

சுத்திப் போடட்டும், அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா பிசியோதெரபி படிச்சவங்க கொடுக்கிற விளக்கம் வேற. யாராவது வந்து மோதி அடிபட்டா அது விபத்து. மோதாமலே வர்ற காயங்கள்ல பெரும்பாலானதுக்கு ஒரு பொதுவான காரணம் இருக்கு: உடம்பு இதுவரைக்கும் பழகின சுமைக்கும், ஒரே நாள்ல நாம அது மேல ஏத்தற சுமைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. அந்த இடைவெளியைக் குறைக்கிறதுதான் காயத் தடுப்போட மொத்த சூத்திரம். இது நமக்குப் புது விஷயமும் இல்ல. மூணாவது செமஸ்டர்ல மார்க்குக்காகப் படிச்ச பாடம்தான்.

இரும்புக் கம்பியும் எலும்பும்

ஒரு இரும்புக் கம்பியை இழுத்தா ஒரு எல்லை வரைக்கும் நீண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வந்துடும். எல்லை தாண்டினா நிரந்தரமா வளையும், அப்புறம் உடையும். எல்லைக்குள்ளயே இருந்தாலும் லட்சக்கணக்கான தடவை வளைச்சு நிமிர்த்தினா ஒரு நாள் விரிசல் விடும். ஃபட்டீக் ஃபெயிலியர்னு எழுதி மார்க் வாங்கியிருப்போம்.

நம்ம உடம்பும் இப்படித்தான், ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. கம்பி தன்னைத் தானே சரி பண்ணிக்காது. எலும்பு பண்ணிக்கும். சுமை வர்ற இடத்துல எலும்பு தடிக்கும், சுமை இல்லாத இடத்துல மெலியும்னு ஜூலியஸ் வுல்ஃப்ங்கிற ஜெர்மன் சர்ஜன் 1892-லயே புத்தகமா எழுதிட்டார். டென்னிஸ் ஆடறவங்களுக்கு ராக்கெட் பிடிக்கிற கையோட எலும்பு மறு கையைவிடத் தடிமனா இருக்கும். விண்வெளி நிலையத்துல மாசக்கணக்கா மிதக்கிறவங்களுக்கு இடுப்பு எலும்பு மாசத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் கரையும். சுமையே இல்லாம இருக்கிறதும் ஆபத்துதான்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. ஓட ஆரம்பிச்சா மூச்சு வாங்கறது ரெண்டு மூணு வாரத்துலயே குறைஞ்சிடும். தசையும் சில வாரத்துல பலமாகும். ஆனா தசையை எலும்போட கட்டுற நாணுக்கும் (டெண்டன்) எலும்புக்கும் அதே அளவு பலமாக மாசக்கணக்குல ஆகும், நாணுக்கு ரத்த ஓட்டமும் கம்மி. அதனால மூணாவது நாலாவது வாரத்துல "செம ஃபிட் ஆயிட்டேன்"னு நமக்குத் தோணும்போது இதயமும் தசையும் மட்டும்தான் தயார். எலும்பும் நாணும் இன்னும் பின்னாடி வந்துட்டு இருக்கு. அந்த நேரத்துல திடீர்னு தூரத்தைக் கூட்டறவங்களுக்குத்தான் முழங்காலுக்குக் கீழ முன் எலும்புல வலி வரும்.

சின்னப்பம்பட்டியில இருந்து பிரிஸ்பேன் வரைக்கும்

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை எல்லாருக்கும் தெரியும். 2020 ஐபிஎல் முடிஞ்ச கையோட நெட் பவுலரா ஆஸ்திரேலியா போனவர். டிசம்பர் 2 கான்பெராவுல முதல் ஒருநாள் போட்டி, ரெண்டு நாள் கழிச்சு முதல் டி20, ஜனவரி 15 பிரிஸ்பேன்ல முதல் டெஸ்ட். 44 நாள்ல மூணு வடிவத்துலயும் அறிமுகம். ஒரே சுற்றுப்பயணத்துல இப்படி அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். 2021 ஏப்ரல்ல முழங்கால் பிரச்சினை, ஐபிஎல்ல இருந்து விலகல், ஆபரேஷன்.

ஒரு காயத்துக்கு ஒரே காரணம்னு வெளியில இருந்து யாரும் சொல்ல முடியாது. ஆனா டி20-ல ஒரு பவுலருக்கு 4 ஓவர், டெஸ்ட்ல ஒரே நாள்ல அதைப் போல நாலஞ்சு மடங்கு வரும். வேகப்பந்து வீசறப்போ முன்கால் தரையில இறங்கற ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்த முழங்கால் வழியாப் போகுது. இதனாலதான் இன்னைக்கு கிரிக்கெட் அணிகள் ஒவ்வொரு பவுலரும் பயிற்சியில எத்தனை பந்து போட்டாங்கன்னுகூட எண்ணி வைக்கிறாங்க.

திரும்பி வர்றதும் அதே கணக்குதான். முதுகுல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் தொல்லையால அவதிப்பட்ட பும்ராவுக்கு 2023 மார்ச்ல நியூசிலாந்துல ஆபரேஷன் நடந்துச்சு. ஆகஸ்ட்ல அயர்லாந்துல திரும்பி வந்தார், அதுவும் 4 ஓவர் மட்டும் போடற டி20-ல. அதுக்கப்புறம்தான் ஒருநாள் போட்டி, டெஸ்ட். நடராஜனும் மீண்டு வந்து 2024 ஐபிஎல்ல 19 விக்கெட் எடுத்தார். உடம்பு திரும்பக் கட்டிக்கும். அதுக்கு நேரம் கொடுக்கணும், சுமையைப் படிப்படியா ஏத்தணும்.

இதை நம்ம பக்கத்து ஊர்க்காரங்க யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்யறாங்க. அன்னூர் சுத்துப்பட்டுல வள்ளி கும்மி அரங்கேற்றம் பார்த்திருப்பீங்க. சின்னப் பசங்கள்ல இருந்து பாட்டிங்க வரைக்கும் மணிக்கணக்கா குனிஞ்சு நிமிர்ந்து, சுழன்று, குதிச்சு ஆடுவாங்க. அது ஒரே நாள் கூத்து இல்ல. வேலை முடிச்சு வந்து பல வாரம் ராத்திரி ராத்திரி பழகிட்டுத்தான் அரங்கேற்றம். முதல்ல மெதுவான அடி, அப்புறம் வேகமான அடி. நாமளோ செமஸ்டர் முழுக்க உட்கார்ந்துட்டு, சனிக்கிழமை காலையில நேரா கபடி கோட்டுக்குள்ள இறங்கறோம். பயிற்சியே இல்லாம அரங்கேற்றம்!

கணுக்கால்: சென்சார் கெட்டுப்போன கதை

காலேஜ்ல அதிகம் பார்க்கிற காயம் கணுக்கால் சுளுக்கு. பாதம் உள்பக்கமா மடங்கி, வெளிப்பக்கம் இருக்கிற லிகமென்ட் இழுபட்டோ கிழிஞ்சோ போறது. ஒரு தடவை வந்தவங்களுக்கே மறுபடி மறுபடி வர்றதைக் கவனிச்சிருப்பீங்க. ஏன்?

லிகமென்ட் வெறும் கயிறு இல்ல. மூட்டு எந்தக் கோணத்துல இருக்குன்னு மூளைக்குச் சொல்ற சென்சார்களும் அதுல இருக்கு. பாதம் லேசா மடங்கினதும் சிக்னல் போய், தசை இழுத்துப் பிடிச்சு நேராக்கணும். பக்காவான க்ளோஸ்ட் லூப் கன்ட்ரோல். சுளுக்கு வந்தா அந்த சிக்னலும் பழுதாகுது. வீக்கம் வடிஞ்சதும் "சரியாயிடுச்சு"ன்னு களத்துல இறங்கறோம். கயிறு ஓரளவு ஆறியிருக்கும், ஆனா லூப் இன்னும் ஸ்லோ. அடுத்த குதிப்புலயே மறுபடி மடங்குது.

இப்பவே ஒரு டெஸ்ட் பண்ணுங்க. செருப்பைக் கழட்டிட்டு, பக்கத்துல சுவர் இருக்கிற மாதிரி ஒத்தக்கால்ல 30 விநாடி நில்லுங்க. அப்புறம் கண்ணை மூடிட்டு நில்லுங்க. ரெண்டு காலுக்கும் பெரிய வித்தியாசம் தெரிஞ்சா, தடுமாறுற காலுக்கு வேலை கொடுக்கணும். தினமும் பல் விளக்கும்போது ஒரு நிமிஷம் இந்தக் கால், ஒரு நிமிஷம் அந்தக் கால்னு நின்னாப் போதும். செலவு சைபர்.

புதுசா சுளுக்கு வந்தா என்ன பண்றது? 1978-ல கேப் மிர்கின்ங்கிற அமெரிக்க டாக்டர் ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைக்கிறதுன்னு நாலு விஷயத்தைச் சேர்த்து 'ரைஸ்'னு ஒரு பெயர் கொடுத்தார். உலகமே அதைப் பிடிச்சுக்கிச்சு. 2014-ல அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுறதைத் தாமதப்படுத்தலாம்னு எழுதினார். வீக்கமும் சூடும் உடம்போட ரிப்பேர் வேலையில ஒரு பகுதிங்கிறதுதான் காரணம். இன்னைக்குப் பொதுவா சொல்றது இது:

• முதல் ரெண்டு மூணு நாள்: காலைப் பாதுகாத்து, உயர்த்தி வெச்சு, அளவா இறுக்கமா கட்டுப் போடுங்க. வலி தாங்க முடியலைன்னா கொஞ்ச நேரம் ஐஸ் வைக்கலாம்.

• அந்த நாட்கள்ல வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், எண்ணெய் போட்டு உருவி விடறதும் வேண்டாம். உள்ளே எலும்பு விரிசல் விட்டிருந்தா உருவுறது நிலைமையை மோசமாக்கும்.

• அதுக்கப்புறம் வலி அனுமதிக்கிற அளவுக்கு நடக்க ஆரம்பிங்க. மாசக்கணக்கா கட்டுப் போட்டுப் படுத்துட்டா தசையும் போயிடும், சென்சாரும் தூங்கிடும்.

• பெயின் கில்லர் போட்டுட்டு மேட்ச் ஆடாதீங்க. அது ஃபயர் அலாரத்தோட ஒயரைப் பிடுங்கிட்டுச் சமைக்கிற மாதிரி.

எக்ஸ்ரே எப்ப வேணும்? கனடாவுல இயன் ஸ்டீல் குழு 1992-ல கொண்டு வந்த ஒட்டாவா விதிகள்னு ஒண்ணை உலகம் முழுக்க அவசர சிகிச்சை டாக்டர்கள் பயன்படுத்தறாங்க. நமக்குத் தேவையான சாரம்: அடிபட்ட காலை ஊன்றி நாலு அடி எடுத்து வைக்க முடியலைன்னாலோ, கணுக்காலோட ரெண்டு பக்கத்து எலும்பு முண்டுகளின் பின் ஓரத்திலோ நுனியிலோ, இல்ல பாதத்தோட வெளி ஓர எலும்பிலோ உள்பக்க வளைவு எலும்பிலோ அழுத்தினா வலிச்சாலோ, யோசிக்காம எக்ஸ்ரே எடுக்கணும்.

முழங்கால்: ரெண்டு செமஸ்டரைத் தின்னும் காயம்

ஏசிஎல்னு சொல்ற முழங்கால் லிகமென்ட் பெரும்பாலும் யாரும் மோதாமலே கிழியுது. ரெய்டு போய்ட்டுத் திரும்பறப்போ பாதம் மேட்ல பிடிச்சுக்கும், உடம்பு மட்டும் திரும்பும். இல்ல வாலிபால்ல ஸ்மாஷ் அடிச்சுட்டு ஒத்தக்கால்ல இறங்கறப்போ முழங்கால் உள்பக்கமா சாயும். ஒரே விளையாட்டுல ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் அதிகம் வருது. த்ரோபால், கபடி ஆடற தோழிகள் இந்தப் பகுதியை ரெண்டு தடவை படிங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் மறுபடி களத்துல இறங்க ஒன்பது மாசமாவது ஆகும்னு வெச்சுக்குங்க. நம்ம கணக்குல ரெண்டு செமஸ்டர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சேர்ந்தவங்களுக்கு அது ஜோனல் மேட்ச், முதலமைச்சர் கோப்பை எல்லாம் போச்சுன்னு அர்த்தம். தறி ஓட்டியோ தோட்டத்து வேலைக்குப் போயோ படிக்க வைக்கிற அப்பா அம்மாவுக்கு அது கடன்.

இதைத் தடுக்க வழி இருக்கு, அதுக்கு ஆதாரமும் இருக்கு. ஃபிஃபாவோட மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவும் ஆஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையமும் மத்த நிபுணர்களும் சேர்ந்து 2006-ல 'லெவன் ப்ளஸ்'னு ஒரு வார்ம்-அப் உருவாக்கினாங்க. மொத்தம் 20 நிமிஷம். முதல் 8 நிமிஷம் மெதுவான ஓட்டம், அடுத்த 10 நிமிஷம் பலம், குதிப்பு, சமநிலை, கடைசி 2 நிமிஷம் வேகமான ஓட்டம். நார்வேல 125 கிளப்கள்ல 13 முதல் 17 வயசு வரை உள்ள ஏறக்குறைய 1,900 பெண் கால்பந்து வீராங்கனைகளை வெச்சு ஒரு சீசன் முழுக்கச் சோதிச்ச முடிவு 2008-ல வெளியாச்சு. அந்த வார்ம்-அப் செஞ்ச அணிகள்ல கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சிருந்துச்சு. எந்த மெஷினும் வாங்கல, வார்ம்-அப் மட்டும்தான் மாறுச்சு.

நாம பண்ற வார்ம்-அப் என்ன? கிரவுண்டை ஒரு ரவுண்டு ஓடி, காலை நீட்டி விரலைத் தொட்டு, "வாங்கடா டாஸ் போடலாம்". அசையாம இழுத்துப் பிடிக்கிற ஸ்ட்ரெட்சிங் மட்டும் காயத்தைப் பெரிசாத் தடுக்கிறதில்ல. ரொம்ப நேரம் இழுத்துப் பிடிச்சுட்டு உடனே ஓடினா வேகம்கூடக் கொஞ்சம் குறையும். உடம்பைச் சூடாக்கி, அன்னைக்கு ஆடப்போற அசைவுகளையே மெதுவா ஆரம்பிச்சு வேகமாக்கறதுதான் நல்ல வார்ம்-அப்.

20 லிட்டர் கேன் கணக்கு

விளையாடாதவங்க தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. ஹாஸ்டல்ல தண்ணி கேன் தூக்காத ஆள் யாரு? கால்குலேட்டரை எடுங்க.

20 லிட்டர் தண்ணி, ஏறக்குறைய 20 கிலோ, அதாவது 196 நியூட்டன். கேனை உடம்போட ஒட்டி, இடுப்பு முதுகெலும்புல இருந்து 20 செ.மீ. தூரத்துல பிடிச்சா மொமென்ட் 39 நியூட்டன் மீட்டர். கையை நீட்டிக் குனிஞ்சு 60 செ.மீ. தூரத்துல பிடிச்சா 118. இதைச் சமாளிக்கிற முதுகுத் தசைக்கு லீவர் ஆர்ம் வெறும் 5 செ.மீ.னு வெச்சுக்குவோம். அப்படின்னா முதல் முறையில தசை இழுக்க வேண்டியது சுமார் 80 கிலோ எடைக்குச் சமமான விசை, ரெண்டாவது முறையில 240 கிலோ. உடம்போட சொந்த எடையை இதுல சேர்க்கவே இல்ல. கேன் அதே கேன்தான், தூரம் மட்டும்தான் மாறுச்சு. அதனால கேன்கிட்ட நெருங்கிப் போய், முழங்காலை மடக்கி, உடம்போட ஒட்டித் தூக்குங்க. தூக்கின பிறகு இடுப்பைத் திருகாம, பாதத்தை எடுத்து வெச்சுத் திரும்புங்க.

கட்டில்ல சாய்ஞ்சு லேப்டாப் பார்க்கிற கழுத்துக்கும் இதே கணக்கு. தலை ஏறக்குறைய 5 கிலோ. அது முன்னால போகப் போகக் கழுத்துத் தசைக்கு வேலை கூடும். ஆனா "நேரா உட்காரு"ங்கிற ஒரே தோரணையையும் ரொம்ப நம்பாதீங்க. எவ்வளவு நல்ல தோரணையா இருந்தாலும் மூணு மணி நேரம் அசையாம இருந்தா வலிக்கும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து ரெண்டு நிமிஷம் நடங்க. போன் வந்தா நின்னுட்டுப் பேசுங்க. அன்னூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து காலேஜ் வரைக்கும் நின்னுட்டே வர்றவங்க பையை ரெண்டு தோள்லயும் மாட்டுங்க, இல்ல கழட்டிக் காலடியில வைங்க.

15 நிமிஷம், வாரம் மூணு நாள்

இடம் ஹாஸ்டல் வராண்டா போதும்.

1. ஒத்தக்கால் நிலை: ஒவ்வொரு காலுக்கும் 30 விநாடி, 2 தடவை. எளிதானதும் கண்ணை மூடிட்டு.
2. படிக்கட்டு விளிம்புல நின்னு குதிகாலைத் தூக்கி மெதுவா இறக்கறது: 15 தடவை, 2 சுற்று.
3. ஸ்குவாட்: 12 தடவை, 2 சுற்று. முழங்கால் ரெண்டாவது கால்விரல் பக்கமாப் பார்க்கணும், உள்ளே சாயக் கூடாது. செல்ஃபி கேமராவை எதிர்ல வெச்சுப் பாருங்க.
4. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கறது: 12 தடவை, 2 சுற்று.
5. பக்கவாட்டு ப்ளாங்க்: ஒவ்வொரு பக்கமும் 20 விநாடி.
6. சின்னதாக் குதிச்சுச் சத்தமில்லாம இறங்கறது: 8 தடவை. 'தொப்'னு சத்தம் வந்தா, அதிர்ச்சியைத் தசை வாங்கல, மூட்டு வாங்குதுன்னு அர்த்தம்.

ஸ்போர்ட்ஸ் டேக்கு நாலு வாரம் முன்னாடியே ஆரம்பிங்க. முதல் வாரம் இதோட பாதி வேகத்துல ஓட்டம். ரெண்டாவது வாரம் தூரத்தைக் கொஞ்சம் கூட்டுங்க. மூணாவது வாரம் திடீர்னு திரும்பறது, நிக்கறது, முக்கால் வேக ஸ்ப்ரின்ட். நாலாவது வாரம் ரெண்டு முழு மேட்ச், கடைசி ரெண்டு நாள் லேசான பயிற்சி மட்டும்.

வலி வந்தா பத்துக்கு மார்க் போடுங்க. 3 வரைக்கும் பச்சை விளக்கு, தொடரலாம். 4, 5 மஞ்சள், அளவைக் குறைங்க. அதுக்கு மேல போனா சிவப்பு, நிறுத்துங்க. மறுநாள் காலையிலயும் ஒரு தடவை மார்க் போடுங்க. முந்தின நாளைவிட வலி கூடியிருந்தா, நேத்து ஏத்தின சுமை அதிகம்.

தூக்கத்தையும் கணக்குல சேருங்க. அமெரிக்காவுல பள்ளி விளையாட்டு வீரர்கள் 112 பேர்கிட்ட பண்ணி 2014-ல வெளியான ஆய்வுல, 8 மணி நேரத்துக்குக் கம்மியாத் தூங்கினவங்களுக்குக் காயம் வர்ற வாய்ப்பு 1.7 மடங்கு இருந்துச்சு. ரிப்பேர் வேலை நடக்கிற ஷிஃப்ட் அதுதான். மேட்ச்சுக்கு முந்தின ராத்திரி வெப் சீரிஸை ஒத்தி வைங்க.

எப்ப டாக்டர்கிட்ட ஓடணும்?

மூட்டு இடம் மாறின மாதிரி தெரிஞ்சா, 'டக்'னு சத்தம் கேட்டுச் சில மணி நேரத்துல முழங்கால் வீங்கினா, கால் மரத்துப்போனா, முதுகு வலியோட சிறுநீர் கட்டுப்பாடு போனா, காத்திருக்கவே கூடாது. அன்னூர் அரசு மருத்துவமனை பக்கத்துலயே இருக்கு. பெரிய பிரச்சினைன்னா கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு, அங்க பிசியோதெரபி பிரிவும் உண்டு. "ரெண்டு வாரம் ரெஸ்ட் எடு"ங்கறதோட பேச்சு முடிஞ்சா, "அதுக்கப்புறம் என்ன பயிற்சி பண்ணணும்?"னு நீங்களா கேளுங்க. ஓய்வு வலியைக் குறைக்கும், பலத்தைப் பயிற்சிதான் திருப்பிக் கொடுக்கும்.

அடுத்த ஸ்போர்ட்ஸ் டேக்கு இன்னும் நாள் இருக்கு. உங்க டீம் வாட்ஸ்அப் குரூப்ல ஜெர்சி கலர் பத்தின சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, இந்த ஆறு பயிற்சியையும் போட்டு விடுங்க. கேப்டன் யாரா இருந்தாலும் பரவாயில்ல, பதினஞ்சு நிமிஷம் முன்னாடி கிரவுண்டுக்கு வரச் சொல்லுங்க.